சுழிப் பெட்டி

தர்ஷினி தன் வாழ்நாளில் ஒரு காளைக்காக விசிலடித்தது அந்த ஒரு நாள்தான். அதுவும் கருக்கம்பாளையம் கால்நடை மரபியல் மையத்தின் ஆய்வறைக்குள், பக்கத்து மேசைக்காரர் கையிலிருந்த தேநீரைச் சட்டையில் கொட்டிக்கொள்ளும் அளவுக்குப் பலமாக.

திரையில் தெரிந்தது ஒன்றும் கண்ணைப் பறிக்கும் காட்சி இல்லை. அறுபது சின்னக் கோடுகள், ஜோடி ஜோடியாக, ஒன்றோடு ஒன்று ஒட்டாமல் நின்றன. ஆனால் பல மாதங்களாக ஐம்பத்தொன்பதையே பார்த்துப் பார்த்துச் சலித்தவளுக்கு அந்த அறுபது என்ற எண் தீபாவளியாக இருந்தது.

மாட்டின் உயிரணு ஒவ்வொன்றிலும் அறுபது குரோமோசோம்கள் இருக்க வேண்டும். சிலவற்றில் முதலாவதும் இருபத்தொன்பதாவதும் ஒட்டிப் பிறந்துவிடும். அப்படிப்பட்ட மாட்டை வெளியே பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. திமில் எடுப்பாக இருக்கும், வண்டி இழுக்கும், பால் கறக்கும். சினை மட்டும் அடிக்கடி தங்காமல் போகும். இதைக் கண்டுபிடிக்கத்தான் அரசு ஊர் ஊராக ஒரு பெட்டியைக் கொடுத்திருந்தது. காது நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்து வைத்தால், வெற்றிலை போட்டு முடிப்பதற்குள் பெட்டி ஒரு பெண் குரலில் முடிவைச் சொல்லிவிடும். அரசுத் தாளில் அதன் பெயர் மரபுமானி. ஊரில் அதைச் சுழிப் பெட்டி என்றார்கள். மக்களே செல்லப்பெயர் வைத்துவிட்டார்கள், திட்டம் வென்றுவிட்டது என்று துறைக்காரர்கள் பூரித்துப்போனார்கள்.

பூரிப்பு நீடிக்கவில்லை. பெட்டி வந்த நாளிலிருந்து அந்த வட்டாரத்தில் கன்றுகள் குறையத் தொடங்கின. ஆண்டுக்கு ஆண்டு குறைந்தன. காதில் குத்தி ரத்தம் எடுத்ததால்தான் மாடு சினை நிற்கவில்லை என்று பேச்சு கிளம்பியது. இரண்டு ஊர்களில் பெட்டியைத் தூக்கிக் கிணற்றில் போட்டார்கள். திட்டத்தை மூடிவிடலாமா என்று சென்னையில் யோசித்துக்கொண்டிருந்தார்கள். தர்ஷினி வட்டாரத்திலிருந்த பொலிகாளைகளை எல்லாம் ஒன்றுவிடாமல் அலசினாள். அத்தனையும் ஐம்பத்தொன்பது. உறைவிந்துக் கிடங்கில் இருந்ததும் பெட்டி வருவதற்கு முந்திய காலத்து ஒரே காளையின் வாரிசுகளுடையது, அவையும் ஐம்பத்தொன்பது. எது நல்ல காளை என்று பெட்டி வாய் திறந்து சொல்கிறது. அப்படியும் ஊர் முழுக்கத் தேடித் தேடிக் கோளாறான காளையையே எப்படி வைத்துக்கொண்டது? அந்த ஒரு கேள்வி அவளைத் தூங்கவிடவில்லை.

இப்போது அறுபதோடு ஒருவன் கிடைத்துவிட்டான். போன வாரம் ஒட்டபாளையத்தில் சோதித்த மூன்று வயது சாம்பல்நிற மயிலைக் காளை. உரிமையாளர் மேகலா. தர்ஷினி ஜீப் சாவியைப் பிடுங்கிக்கொண்டு ஓடினாள்.

மேகலாவின் தோட்டத்தில் காளை கட்டிய இடம் வெறுமையாகக் கிடந்தது. புருஷன் போன பிறகு தனியாளாகப் பண்ணையம் பார்க்கிறவள் மேகலா. எதற்கும் கலங்காதவள் என்று பெயரெடுத்தவள், சிவந்த கண்ணோடு தண்ணீர்த் தொட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, உங்க காளை எங்க?"

"கலெக்டரா? சந்தைக்கு ஓட்டியாச்சு அம்மிணி." காளைக்கு அந்தப் பெயர் வந்தது அதன் நடையால். வரப்பில் நடந்தால் இருபுறமும் யாரோ வணக்கம் சொல்வதாக நினைத்துக்கொண்டு நடக்கும். "தரகன் லோகு வந்து கூட்டீட்டுப் போயிட்டான்."

"ஐயோ! ஏங்க்கா வித்தீங்க?"

மேகலா தேய்ப்பதை நிறுத்தினாள். "நீங்களே இப்பிடிக் கேக்கலாமா? உங்க பெட்டி சொல்லித்தான வித்தன்."

"பெட்டி என்ன சொல்லுச்சு?"

மேகலா சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "அதையெல்லாம் வாயால சொல்லுவாங்களா? சுழி இருக்குதுன்னு சொல்லுச்சு."

தர்ஷினிக்கு முதலில் விளங்கவில்லை. மாட்டின் உடம்பில் மயிர் சுழித்துக்கொண்டு வளரும் இடம் சுழி. அது எந்த இடத்தில் இருக்கிறது என்பதைப் பார்த்துத்தான் அந்தப் பக்கத்தில் மாடு வாங்குவார்கள். கோபுரச்சுழி இருந்தால் வீடு உயரும். பாடைச்சுழி இருந்தால் வீட்டில் பிணம் விழும். கெட்ட சுழி இருக்கிறது என்று தெரிந்தால் உரிமையாளர் யாரிடமும் மூச்சு விடமாட்டார், சத்தமில்லாமல் கறிக்கு அனுப்பிவிடுவார். கால்நடை மருத்துவம் படித்த தர்ஷினிக்கு இதெல்லாம் தெரியும். தெரிந்து, சிரித்துவிட்டு, மறந்துபோன விஷயம்.

அவள் கைபேசியை எடுத்து ஒட்டபாளையத்துப் பெட்டியின் பதிவை ஓடவிட்டாள். தேன் தடவிய குரல் ஒன்று சொன்னது: "பிறழ்வு: சுழி."

"கேட்டீங்களா?" என்றாள் மேகலா.

தர்ஷினி கேட்டாள். இத்தனை ஆண்டுகளில் அன்றுதான் அதைக் காதால் கேட்டாள். துறைக்காரர்கள் எண்ணைப் பார்ப்பார்கள், குரலைக் கேட்கமாட்டார்கள். குரல் விவசாயிகளுக்கு. பூஜ்ஜியம் வடமொழி என்று சென்னையில் ஒரு சொல்லாக்கக் குழு உட்கார்ந்து, பள்ளிக்கூடக் கணக்குப் புத்தகத்திலிருந்து சுழி என்ற நல்ல தமிழ்ச் சொல்லை எடுத்துப் பெட்டிக்குள் போட்டிருந்தது. அந்தக் குழுவில் ஒருவர் வீட்டிலும் மாடு கிடையாது.

"அக்கா! அது சைபர்க்கா! கணக்குல வர்ற சுழி! ஒரு குறையும் இல்லைன்னு அர்த்தம்!"

மேகலா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "கொறை இல்லைன்னா கொறை இல்லைன்னு சொல்லறதுக்கு அந்தப் பொம்பளைக்கு என்னவாம்?"

தர்ஷினி கைபேசியை அணைத்தாள்.

"அப்ப, பிறழ்வு ஒன்று, இணைவுன்னு சொல்லுமே, அதை எப்படி எடுத்துக்கிட்டீங்க?"

"பிறழ்வுன்னா என்ன எழவோ, ஆரு கண்டா. இணைவுன்னா பொருத்தமுங்க. ஜாதகத்துல சேர்றாப்பல. அந்த மாட்டுக்குத்தான் அடிச்சுக்கறாங்களே!"

தர்ஷினிக்கு இப்போது விளங்கியது. ஊர் கோளாறான காளையைத் தேடித் தேடி வைத்துக்கொண்டது உண்மைதான். பெட்டி ராசியான மாடு என்று சொன்னதாக நினைத்து வைத்துக்கொண்டது. அறுபதும் சரியாக இருந்த ஒவ்வொரு காளையையும், ஒவ்வொரு கிடாரியையும், சுழி மாடு என்று கறிக்கு அனுப்பிவிட்டது. அதிகாரி சைபரைப் பார்த்துத் தலையாட்டினார், விவசாயி சுழி என்று கேட்டுத் தலையாட்டினார், இருவரும் அவரவர் வழியே போனார்கள்.

"ஏஞ்சாமி," மேகலாவின் குரல் உடைந்தது, "அப்ப எங் கலெக்டரு நல்லவனா?"

"நல்லவன் மட்டுமில்லைக்கா. எனக்குத் தெரிஞ்சு இந்த வட்டாரத்துலயே மிச்சம் இருக்கற ஒருத்தன் அவன்தான். இவன் போனா எல்லாம் போச்சு!" ஜீப் அப்போதே திரும்பிக்கொண்டிருந்தது.

சந்தையில் தரகன் லோகநாதனைக் கண்டுபிடிப்பது சிரமமே இல்லை. மாட்டுக் கூட்டத்துக்கு மேலே கேட்கிற குரல் யாருடையதோ அவன்தான். சலவைச் சட்டை, மணிக்கட்டில் தங்கநிறக் கடிகாரம், தோளில் துண்டு. அந்தத் துண்டுக்குள் கைவிட்டு விரலைப் பிடித்து விலை பேசுவதில் அவனை அடித்துக்கொள்ள ஆள் இல்லை என்பது அவனே எல்லோரிடமும் சொல்லிக்கொள்ளும் செய்தி.

"லோகண்ணா! கலெக்டர் எங்க?"

"எந்தக் கலெக்டருங்க டாக்டரம்மா? ஓ, மேகலாக்கா காளையா? ஷாஜி லாரில ஏத்தியாச்சுங்க. இந்நேரம் பாதி வழி போயிருக்கும்." துண்டை உதறினான். "பாவம், நல்ல உருப்படி. சுழி மாடாப் போச்சு, என்ன பண்ணறது?"

தர்ஷினி அவன் துண்டைப் பிடித்து இழுத்தாள். "வண்டில ஏறுங்க, வழில சொல்றேன்."

"நான் எதுக்குங்க? இங்க யாவாரம் கெடக்குது..."

"அந்தக் காளை போச்சுன்னா இன்னும் கொஞ்ச வருசத்துல இந்தச் சந்தையில கட்டறதுக்கு நம்ம ஊர் மாடே இருக்காது. அப்புறம் துண்டுக்குள்ள யார் விரலைப் பிடிப்பீங்க?"

லோகு ஏறிவிட்டான்.

அரசாங்க ஜீப்பின் மின்கலத்துக்கு அரசாங்க வேகம்தான் தெரியும். தர்ஷினி ஏசியை அணைத்தாள், விளக்கை அணைத்தாள், கண்ணாடியை இறக்கிவிட்டு மிதித்தாள். புளியமரங்கள் பின்னால் ஓடின. ஒரு கையால் ஓட்டிக்கொண்டு மறு கையின் விரல்களை விரித்து அவள் பாடம் நடத்தினாள்.

"ரெண்டு கட்டு நூல்னு வெச்சுக்கங்க. அப்பன்கிட்ட இருந்து ஒரு கட்டு, ஆத்தாகிட்ட இருந்து ஒரு கட்டு. கட்டுக்கு முப்பது நூல். கன்னுக்கு ஒவ்வொரு நூலும் ரெண்டு இருக்கணும். ஒரு கட்டுல ரெண்டு நூல் ஒட்டிக்கிச்சுன்னா, அந்த மாட்டுக்கு ஒண்ணும் ஆகாது, நூல் எல்லாம் உள்ளதான் இருக்கு. ஆனா அது பிள்ளைக்குப் பிரிச்சுக் குடுக்கும்போது கணக்குத் தப்பும். ஒரு கருவுக்கு ஒரு நூல் கூடப் போகும், இன்னொண்ணுக்குக் குறையும். அந்தக் கரு நிக்காது."

"எல்லாக் கருவுமா?"

"இல்லை. சிலது. ஆனா அப்பனும் ஆத்தாளும் ரெண்டு பேருமே ஒட்டினவங்களா இருந்தா இன்னும் மோசம். ஊர் முழுக்க அதுதான் நடக்குது. நீங்க எல்லாம் சேர்ந்து ஒட்டினதா பாத்துப் பாத்துச் சேத்து வெச்சிருக்கீங்க!"

லோகு வாயைத் திறந்தான், மூடினான். அவனுக்கு அது அபூர்வமான நிலைமை. "அப்ப நான் இணைவுன்னு வித்ததெல்லாம்?"

"ஒட்டினது."

"சுழின்னு கறிக்கு அனுப்புனது?"

"தங்கம்."

லோகு கடிகாரத்தைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டான். "இன்னும் வேகமாப் போவாதுங்களா இந்த வண்டி?"

போகவில்லை. மின்கலம் சிவப்பு காட்டியது. எல்லைச் சோதனைச்சாவடியைத் தாண்டிவிட்டால் அப்புறம் லாரியைப் பிடிக்க முடியாது. தர்ஷினி சாவடிக்கு அழைத்தாள். காற்று இரைச்சலில் எதிர்முனையின் குரல் சரியாகக் கேட்கவில்லை. அவள் தொண்டை கிழியக் கத்தினாள்: "சார், கலெக்டரை லாரில கட்டிக் கேரளாவுக்குக் கடத்தறாங்க! ஆமா, கலெக்டர்! லாரியை நிறுத்துங்க!"

இணைப்பு அறுந்தது. லோகு அவளை வியப்போடு பார்த்தான். "டாக்டரம்மா, நீங்க தரகுக்கு வந்திருக்கோணும்."

"நான் என்ன தப்பா சொன்னேன்?" என்றாள் தர்ஷினி. உண்மையிலேயே அவளுக்கு அப்போது புரியவில்லை.

சாவடிக்குப் போனபோதுதான் புரிந்தது. சாலை முழுக்க லாரிகள் நின்றன. போலீஸ்காரர்கள் ஒவ்வொன்றிலும் ஏறித் தார்ப்பாயைக் கிழிக்காத குறையாகத் தேடினார்கள். உதவி ஆய்வாளர் வியர்வையில் குளித்து ஓடிவந்தார். "தகவல் சொன்னது நீங்களாம்மா? கலெக்டர் மேடம் எந்த லாரில இருக்காங்க?"

அந்த நேரம் பார்த்து மூன்றாவது லாரிக்குள் அடிவயிற்றிலிருந்து ஒரு முழக்கம் கிளம்பியது. தர்ஷினி ஓடிப்போய்ப் பலகை இடுக்கில் கையை விட்டாள். ஈரமான மூக்கு ஒன்று உள்ளங்கையில் வந்து அழுந்தியது. அவளுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. "இதோ இருக்கார் சார், கலெக்டர்!"

உதவி ஆய்வாளர் அடுத்துச் சொன்னதை அச்சில் போட முடியாது. அவர் ஆற அமர நாலு வாங்கு வாங்கித் தீர்க்கும்வரை தர்ஷினி தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். நிற்கும்போதும் ஒரு கை பலகை இடுக்கிலேயே இருந்தது.

காளையை இறக்கித் தரச் சொன்னதும் லாரிக்காரன் ஷாஜி இறங்கி வந்தான். பாலக்காட்டுப் பக்கத்துக் கறி வியாபாரி. பாதி மலையாளமும் பாதி தமிழுமாகப் பேசுகிறவன். "எந்தா லோகு, கச்சவடம் பேசி, காசும் குடுத்து முடிஞ்சதல்லே? இறக்கித் தரச் சொன்னா எப்படி? நான் வாங்கின காளையாக்கும்."

லோகு அவசரப்படவில்லை. தோள் துண்டைச் சரிசெய்துகொண்டு லாரியின் பலகைமேல் ஏறிக் காளையின் கழுத்தைப் பார்த்தான். முகம் மலர்ந்துவிட்டது. "ஷாஜியண்ணா, இந்தக் கவுத்தப் பாருங்க. ஆரு கவுறு இது?"

ஷாஜியும் பார்த்தான். சந்தை வழக்கம் அவனுக்கும் தெரியும். மாடு விற்றவர் தன் கயிற்றை அவிழ்த்து வீட்டுக்கு எடுத்துப் போய்விட வேண்டும். வாங்கியவர் தன் புதுக்கயிற்றைக் கட்ட வேண்டும். கயிறு மாறும்வரை இரு தரப்பும் பின்வாங்கலாம், யாரும் கோபித்துக்கொள்ளக்கூடாது. மேகலா சந்தைக்கு வரவில்லை. மனசு தாளாமல் வீட்டிலேயே இருந்துவிட்டாள். அவள் கட்டிய பச்சைக் கயிறு காளையின் கழுத்தில் அப்படியே இருந்தது.

"கவுறு மாத்தாம ஏத்தினது என் தப்புத்தான்," என்றான் லோகு. அப்படி ஒரு சந்தோஷத்தோடு தன் தப்பை ஒப்புக்கொண்டவனைத் தர்ஷினி அதற்குமுன் பார்த்ததில்லை.

ஷாஜி பெருமூச்சு விட்டுப் பலகையை இறக்கினான். காளை இறங்கியதும் அதன் விலாவைத் தட்டிக்கொடுத்தான். "டாக்டரே, ஒரு காரியம் கேக்கட்டே? பெட்டி வந்த பின்னே உங்க ஊர்லேர்ந்து வர்றதெல்லாம் இதுபோல உருப்படிதான். இளசு, ஒரு நோய் இல்ல, சினைப் பசு வரைக்கும் வரும். நான் நினைச்சேன், தமிழ்நாட்டுக்காரன்மார்க்குப் பிராந்து, பைத்தியம் பிடிச்சுன்னு."

எத்தனை வந்திருக்கும் என்று தர்ஷினி கேட்க நினைத்தாள். கேட்கவில்லை. கேட்டிருந்தால் அன்றைக்குச் சாப்பிட்டிருக்கமாட்டாள்.

ஜீப்புக்கு மின்னேற்றும் நேரத்தில் சாவடிக்கு எதிரே டீக்கடையில் உட்கார்ந்தார்கள். கலெக்டர் வேப்பமரத்தில் கட்டப்பட்டு, போகிற வருகிற போலீஸ்காரர்களை அலட்சியமாகப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இவன் ஒருத்தன் போதும் லோகண்ணா! ஒட்டின பசுவுக்குச் சேர்த்தாலும் பாதிக் கன்னு அறுபதோட பிறக்கும். அந்தக் கன்னுக்குப் பிறக்கறது இன்னும் சுத்தம். நாலஞ்சு தலைமுறையில மீட்டுரலாம். நாளைக்கே பெட்டியில சுழியை எடுத்துட்டுப் பூஜ்ஜியம்னு போட்டுடறேன்."

லோகு டீயை ஊதினான். "பூஜ்ஜியம்னா ஒண்ணுமில்லாத மாடும்பாங்க. எவன் தன் பசுவைக் கொண்டாந்து சேப்பான்?"

"அப்ப, குறை இல்லைன்னு போடறேன்."

"இத்தன வருசம் சுழின்னு சொன்ன மாட்ட இன்னைக்குத் திடீர்னு கொறை இல்லைன்னா? கறிக்குப் போறத நம்ம தலைல கட்டத்தான் கவருமெண்டு பேச்ச மாத்துதும்பாங்க. சுழிய எடுக்காதீங்க. சனங்க அதத்தான் நம்பியிருக்காங்க. அதுக்கு முன்னால ஒரு நல்ல வார்த்தயப் போடுங்க."

"என்ன வார்த்தை?"

லோகு வேப்பமரத்தைப் பார்த்து யோசித்தான். விலை சொல்லுமுன் விரலைத் தடவிப் பார்க்கிற முகம். "அறுபதும் நெறஞ்சு இருக்குதுன்னீங்கல்ல? நெறமாசம்ங்கறோம், நெறசினைங்கறோம். நிறைசுழின்னு வெச்சுருங்க."

"அதெப்படி? நான் படிச்சுட்டு வந்து ஊர்ல இருக்கற சுழி போதாதுன்னு புதுசா ஒரு சுழியை அவுத்து விடறதா?"

"பொய்யா அது? நெறஞ்சிருக்குதா இல்லையா?"

நிறைந்துதான் இருந்தது. தர்ஷினி டீ ஆறும்வரை மறுத்துக்கொண்டிருந்தாள், ஆறியபிறகு சரி என்றாள்.

அடுத்த சந்தை நாளை அந்த ஊர்க்காரர்கள் இன்னும் பேசுகிறார்கள். லோகு கலெக்டரை நடுவே நிறுத்தினான். கொம்புக்கு எண்ணெய், நெற்றிக்குச் சந்தனம். எல்லோர் முன்னாலும் காதில் ஒரு சொட்டு எடுத்துப் பெட்டியில் வைத்தார்கள். குரல் சொன்னது: "நிறைசுழி."

"அதென்ன சுழி? கேள்விப்பட்டதே இல்லையே," என்று ஒரு பெரியவர் கேட்டார்.

"அதான், கேள்விப்படற அளவுக்கு ஊர்ல இல்ல!" என்று லோகு முழங்கினான். "கோபுரச்சுழி வெளிய தெரியும், ஆரு வேணாலும் பாக்கலாம். இது ரத்தத்துக்குள்ள இருக்கற சுழி. இந்தக் காளைக்குச் சேத்துன பசு வெறும் வயித்தோட திரும்பாது! இனி இணைவு மாடு ஆகாது!"

மாலைக்குள் மேகலா தோட்டத்துக்கு முன்னால் பசுக்கள் வரிசை கட்டி நின்றன. கலெக்டரை விட மேகலாதான் மிரண்டுபோனாள். தர்ஷினி நாளுக்கு எத்தனை என்று தடை போட வேண்டியிருந்தது. பக்கத்து வட்டாரங்களில் ஒளித்துக் கட்டியிருந்த சுழிக் கிடாரிகள் ஒன்றிரண்டு வெளியே வந்தன. ஒவ்வொன்று வரும்போதும் தர்ஷினி துள்ளினாள். சினை பார்க்கப் போன இடத்தில் எல்லாம் கைக்குக் கரு உருண்டையாகத் தட்டுப்பட்டது. மூடவிருந்த திட்டத்தை மூடவில்லை. கிணற்றில் போட்ட பெட்டிக்குப் பதிலாக வேறு பெட்டி கேட்டு அந்த இரண்டு ஊர்களும் மனு அனுப்பின. வாழ்க்கையில் ஒரு முறையாவது ஒருவர் செய்த வேலை கண்முன்னே பலிக்க வேண்டும். தர்ஷினிக்குப் பலித்தது, அவள் காற்றில் நடந்தாள்.

ஒன்று மட்டும் உறுத்தியது. இணைவு மாடுகளைக் கேட்பாரில்லை. நேற்றுவரை அடித்துப் பிடித்து வாங்கியவர்களே கட்டுத்தறியில் வைத்துக்கொள்ளக் கூசினார்கள். வேளைக்கு நன்றாகக் கறந்துகொண்டிருந்த பசுவின் பாலைக்கூடச் சொசைட்டியில் தனியாக ஊற்றச் சொன்னார்கள். "அது நோய் இல்லீங்க, பால் நல்ல பால்தான், மாடும் நல்ல மாடுதான்," என்று தர்ஷினி ஊர் ஊராகப் போய்ச் சொன்னாள். சரிங்க டாக்டரம்மா என்று கேட்டுக்கொண்டார்கள். பால் தனியாகத்தான் போயிற்று. ஷாஜியின் லாரி வாரம் இரண்டு நடை கூடுதலாக வந்தது.

கலெக்டரின் முதல் கன்றுகள் பிறக்கத் தொடங்கியிருந்த ஒரு மதியம் லோகு மையத்துக்கு வந்தான். யாரும் அழைக்காமலே உள்ளே வந்து நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்கிறவன், கதவருகில் நின்றான்.

"வாங்க லோகண்ணா! விஷயம் தெரியுமா, நேத்துப் பிறந்த ரெண்டும் அறுபது! உக்காருங்க. எந்த ஊர்க் காளை?"

"காளை இல்லீங்க." அவன் உட்காரவில்லை. "எம் பொண்ணு."

அவன் மகள் அபிநயாவுக்குத் திருப்பூரில் மாப்பிள்ளை பார்த்து, பூ வைத்து, பத்திரிகை அடிக்கக் கொடுத்தது தர்ஷினிக்குத் தெரியும். முதல் பத்திரிகை உங்களுக்குத்தான் என்று இதே இடத்தில் நின்று சொல்லியிருந்தான்.

"மாப்பிள்ளை வீட்டுல பொண்ணுக்கு நிறைசுழி பாக்கோணும்னாங்க. கோயமுத்தூருல ஒரு லேப்புல மனுசங்களுக்கும் பாக்கறாங்களாம். அதே பேரப் போட்டே போர்டு வெச்சிருக்கறாங்க. நம்ம வெச்ச பேராச்சேன்னு எனக்குப் பெருமையா இருந்துச்சுங்க. நானே கூட்டீட்டுப் போனேன்."

தர்ஷினி எழுந்து நின்றாள். மனிதருக்கு நாற்பத்தாறு. அவள் கேட்குமுன்பே அவன் சொன்னான்.

"நாப்பத்தஞ்சு. இணைவுன்னு வந்திருச்சு. கல்யாணம் வேண்டாம்னுட்டாங்க."

"லோகண்ணா, இங்க பாருங்க. ஆயிரத்துல ஒருத்தருக்கு இது இருக்கும். அவ உடம்புக்கு ஒண்ணுமே ஆகாது. குழந்தை பிறக்கும். நடுவுல ஒண்ணு ரெண்டு தங்காமப் போகலாம், அவ்வளவுதான். அதுக்கும் இப்ப வைத்தியம் இருக்கு. நானே வந்து அவங்ககிட்டப் பேசறேன்."

"பேசிப் பாத்தாச்சுங்க. நூல் கட்டுன்னு நீங்க சொன்னத அப்படியே சொன்னன். நாந்தான் சந்தைல நின்னு இணைவு ஆகாதுன்னு கத்துனவன்னு திருப்பிச் சொல்றாங்க." அவன் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தான். "அதே நான் அதுக்கு முன்னால இணைவு மாடு ராசின்னு கத்துனவன். அப்ப வந்திருந்தா எம் பொண்ணுக்குத்தான் டாக்டரம்மா கிராக்கி."

வெளியே கன்றுகளைச் சோதனைக்கு இறக்கிக்கொண்டிருந்தார்கள். பெட்டியின் குரல் ஜன்னல் வழியாக இரண்டு முறை கேட்டது. யாரோ கைதட்டினார்கள்.

"அபிநயா என்ன சொல்றா?"

"ரூமுக்குள்ளயேதானுங்க கெடக்கறா." லோகு இப்போதுதான் நிமிர்ந்து அவளைப் பார்த்தான். சந்தையையே அடக்குகிற அந்தக் குரல் கதவைத் தாண்டாத அளவுக்கு இறங்கியிருந்தது. "இணைவுக்கும் ஒரு நல்ல பேரு வெய்யுங்க டாக்டரம்மா. நான் சொன்னாத் தரகன் பேச்சும்பாங்க. பெட்டி சொன்னா நம்புவாங்க."